'வேணும்' என்ற விசுவாசம்

1544இல் பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தன்னோடு பணிசெய்த பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு பிழைத்திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லும்போது இதுவரை 'எனக்கு வேணும்' என்று சொல்லிவந்தோம். இனி அந்த இடத்தில் 'விசுவாசம்' என்ற சொல்லைப் போட வேண்டும். 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்றுதான் பொருள்படும். திருத்தத்தின் சாரம் இவ்வளவுதான்.

பிழை எப்படி வந்தது என்பதை ஊகிப்பது கடினமில்லை. 1542இல் கடற்கரைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கினார். அவற்றைத் தானும் மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்தக் காட்சியை அவரே விவரிக்கிறார். விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு பிரிவாகச் சொல்லி நிறுத்தி, இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். கூடியிருப்பவர்கள் கைகளை மார்பின்மேல் சிலுவையாக மடித்துக்கொண்டு உரத்த குரலில் ஆம் என்பார்கள். கிறிஸ்தவர் என்றால் விசுவசிப்பவர் என்று பொருள் என்பதால் மற்றச் செபங்களைவிட இதையே அதிகம் சொல்ல வைத்தாராம்.

ஆக, திருத்தம் வருவதற்கு முன்பு எங்கள் கடற்கரைப் பெண்கள் கடவுளின் வார்த்தைக்குக் கொடுத்த முதல் பதில் 'எனக்கு வேணும்' என்பதாக இருந்திருக்கிறது. இலக்கணப்படி அது பிழைதான். ஆனால் அந்தப் பிழையில் ஒரு உண்மை இருந்தது என்றும், அதைத் திருத்தியபோது பெண்களிடமிருந்து ஏதோ ஒன்று பிடுங்கப்பட்டது என்றும் எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இதை நான் எழுத ஒரு காரணம் இருக்கிறது. நான் தருவைகுளத்துக்காரி. தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாற்றுக்குப் போகும் வழியில் இருக்கிற கடற்கரை ஊர். கல்லூரியில் படித்த காலத்தில் வேறொரு நகரத்தில் ஒரு தியானத்துக்குப் போயிருந்தேன். போதகர் எடுத்துக்கொண்ட பகுதி எபிரேயர் திருமுகத்தின் மூன்றாம், நான்காம் அதிகாரங்கள். பாலைநிலத்தில் இஸ்ரயேலர் வார்த்தையைக் கேட்டும் நம்பவில்லை, இதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டார்கள், அதனால் வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் நுழையவில்லை என்பது அதன் செய்தி. அவர் நன்றாகவே பேசினார். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு அக்கா எழுந்தாள். குடிகாரக் கணவன் மனந்திரும்ப வேண்டுமென்று பல வருடமாகச் செபிக்கிறாள். "எப்படிச் சாமி நடக்கும்? ஒரு வழியும் தெரியலயே" என்றாள். போதகர் சிரித்தார். "எப்படின்னு கேக்குற இடத்துல விசுவாசம் போயிருதும்மா. மாதா கேட்டாங்களா? ஆகட்டும்னுதானே சொன்னாங்க. நீங்களும் பொறுமையா அப்படியே சொல்லுங்க" என்றார். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

என் மடியில் விவிலியம் இருந்தது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திருப்பினேன். மரியா கேட்ட கேள்வி அங்கே இருந்தது. அதுவும் 'எப்படி' என்ற அதே கேள்வி. அதை வாசித்தேன், மூடினேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அக்காவுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்.

லூக்கா இரண்டு அறிவிப்புகளை அடுத்தடுத்து வைக்கிறார். முதலில் கபிரியேல் வருவது செக்கரியாவிடம். அவர் குரு, ஆண், வயதில் பெரியவர், எருசலேம் ஆலயத்துக்குள் தூபப் பீடத்தின் பக்கத்தில் நிற்பவர். கடவுளின் வார்த்தையைக் கேட்க இதைவிடப் பொருத்தமான ஆளோ இடமோ யூத மரபில் இல்லை. அவர் நம்பவில்லை. இதை நான் எதை வைத்து அறிந்துகொள்வது என்று கேட்கிறார். வாய் கட்டப்படுகிறது. அடுத்து வானதூதர் போவது நாசரேத்தில் மணஒப்பந்தமான ஒரு பெண்ணிடம். அவளும் கேட்கிறாள். ஆனால் அவள் வாய் கட்டப்படவில்லை. பதில் கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் சம்மதம் சொல்கிறாள்.

இரண்டு கேள்விக்கும் என்ன வேறுபாடு என்று பழைய உரையாசிரியர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். செக்கரியா சான்று கேட்டார், மரியா விளக்கம் கேட்டார் என்பது வழக்கமான பதில். அதை நான் ஏற்கிறேன். செக்கரியாவின் கேள்வி தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது: நீ சொல்வதற்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? மரியாவின் கேள்வி காரியத்துக்குள் இறங்குகிறது: இது என் உடம்பில் நடக்கப்போகிறது, எப்படி நடக்கும் என்று சொல். தன் உடம்பில் என்ன நடக்கப்போகிறது என்று ஒரு பெண் கேட்பதை லூக்கா அவிசுவாசம் என்று எண்ணவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவளைத்தான் எலிசபெத்து, நம்பியவள் என்று வாழ்த்துகிறாள். மறையுரைகள் அந்தச் சம்மதத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெண்களுக்குக் கொடுக்கின்றன, கேள்வியை விட்டுவிடுகின்றன.

செக்கரியாவின் கதை எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள். குழந்தை பிறந்து எட்டாம் நாள், உறவினர்கள் அப்பாவின் பெயரையே வைக்கப் போகிறார்கள். எலிசபெத்து மறுத்து, யோவான் என்கிறாள். உங்கள் உறவில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லையே என்று சொல்லிவிட்டு, பேச முடியாத கணவனிடம் சைகை காட்டிக் கேட்கிறார்கள். பெற்றவள் வாய் திறந்து சொன்னது போதவில்லை, ஊமையாக இருக்கும் ஆணின் ஒப்புதல் தேவைப்படுகிறது. அவர் பலகை வாங்கி அவள் சொன்ன அதே பெயரை எழுதுகிறார். அப்போதுதான் நாக்கு கட்டவிழ்கிறது. குருவின் அவிசுவாசம் தீர்ந்த இடம் மனைவியின் சொல்லை அவர் வழிமொழிந்த இடம்.

செக்கரியாவின் பகுதி டிசம்பர் 19 அன்று திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. 1969இல் வெளியான புதிய வாசக அமைப்பின்படி அன்றைய முதல் வாசகம் நீதித் தலைவர்கள் நூலின் பதின்மூன்றாம் அதிகாரம், சிம்சோனின் பிறப்பு. ஆனால் முழு அதிகாரமும் வாசிக்கப்படுவதில்லை. இரண்டாம் வசனத்திலிருந்து ஏழாம் வசனம்வரை வாசித்துவிட்டு, நேராக இருபத்து நாலுக்குத் தாவிவிடுவோம். நடுவில் இருக்கும் 16 வசனங்களில் என்ன நடக்கிறது?

பெயர் சொல்லப்படாத ஒரு பெண்ணிடம், மனோவாகின் மனைவியிடம், வானதூதர் வந்து மகன் பிறப்பான் என்கிறார். அவள் நம்புகிறாள், கணவனிடம் சொல்கிறாள். இதுவரை வாசகத்தில் உண்டு. விடுபட்ட பகுதியில், மனோவாகு அவள் சொன்னதோடு நிற்காமல், அந்த ஆள் மறுபடி எங்களிடம் வரட்டும் என்று மன்றாடுகிறான். தூதர் மறுபடி வருகிறார், ஆனால் அவனிடம் வரவில்லை. வயலில் தனியாக உட்கார்ந்திருக்கும் அவளிடமே வருகிறார். அவள் ஓடிப்போய்க் கணவனைக் கூட்டிவருகிறாள். அவன் விசாரிக்க, நான் அவளிடம் சொன்னதை அவள் கடைப்பிடிக்கட்டும் என்ற பதில்தான் கிடைக்கிறது. கடைசியில் தூதர் பலிபீடத் தீயோடு மேலே போனதும், கடவுளைக் கண்டுவிட்டோம், செத்தோம் என்று அவன் நடுங்குகிறான். அவள் நிதானமாக எடுத்துச் சொல்கிறாள்: நம்மைக் கொல்ல நினைத்திருந்தால் நம் பலியை ஏற்றிருப்பாரா, இதையெல்லாம் காட்டியிருப்பாரா? அந்த அதிகாரத்தில் இறையியல் பேசுகிறவள் அவள்.

வாசகம் நீண்டுவிடும் என்பதற்காக வெட்டியிருக்கலாம். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். கடவுளின் வார்த்தையை ஒரு பெண் முதல் தடவையிலேயே நம்பினாள், ஆண் அவள் வாயிலிருந்து வந்ததால் அதை மறுபடி விசாரித்தான் என்ற செய்தி பீடத்திலிருந்து கேட்கப்படாமல் போகிறது. நமக்கு மிஞ்சுவது பிள்ளை பெற்றவள் மட்டும்.

இதே வெட்டு உயிர்ப்பு ஞாயிறிலும் உண்டு. அன்று பகல் திருப்பலிக்கு உரிய யோவான் நற்செய்திப் பகுதி, பேதுருவும் மற்றச் சீடரும் கல்லறையைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. மகதலா மரியா உயிர்த்தவரைச் சந்திக்கும் அடுத்த பகுதி செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை கோவிலில் எத்தனை பேர் இருப்பார்கள்? 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் மகதலா மரியாவின் நினைவு நாளை விழாவாக உயர்த்தினார். நல்ல காரியம். ஞாயிற்றுக்கிழமை வாசகம் மட்டும் மாறவில்லை.

லூக்கா சொல்லும் உயிர்ப்புக் கதையில் இது இன்னும் வெளிப்படை. மகதலா மரியாவும் யோவன்னாவும் யாக்கோபின் தாய் மரியாவும் மற்றப் பெண்களும் வந்து சொன்னதைத் திருத்தூதர்கள் வெறும் பிதற்றலாக எண்ணி நம்பவில்லை. மாற்கு நற்செய்தியின் கடைசிப் பகுதியில் இயேசு பதினொருவரையும் கடிந்துகொள்கிறார். தன்னைக் கண்டவர்கள் சொன்னதை நம்பாததுதான் அவர்கள் குற்றம். கண்டவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுபவள் மகதலா மரியா. நற்செய்திகளில் 'அவிசுவாசம்' என்ற குற்றச்சாட்டு யார்மேல், எதற்காக விழுகிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தால், பெண்கள் கொண்டுவந்த செய்தியை ஆண்கள் தள்ளியது அதில் முக்கியமான இடத்தில் இருக்கும். மறையுரைகளில் அது பெண்களின் சந்தேகமாக இடம் மாறிவிடுகிறது. ஆபிரகாமும் முகங்குப்புற விழுந்து சிரித்தார் என்று தொடக்கநூலின் பதினேழாம் அதிகாரம் சொல்கிறது. நம் நினைவில் சிரித்தவள் சாரா மட்டும்.

இப்போது அந்தத் தியானத்தின் பகுதிக்கே திரும்பலாம். எபிரேயர் திருமுகம் சொல்லும் நம்பாத தலைமுறையின் கதை எண்ணிக்கை நூலில் இருக்கிறது. இருபத்தாறாம் அதிகாரத்தின் முடிவில் கணக்கெடுப்பு முடிகிறது: காலேபையும் யோசுவாவையும் தவிர அந்தத் தலைமுறையில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்கு அடுத்த வசனத்தில், இருபத்தேழாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஐந்து பெண்கள் முன்னால் வருகிறார்கள். செலொபுகாதின் மகள்கள்: மக்லா, நோவா, ஒக்லா, மில்கா, திர்சா. மோசே, குரு, தலைவர்கள், மக்கள் எல்லாரும் கூடிநிற்கும் இடத்தில் அவர்கள் கேட்கிறார்கள்: அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் ஏன் அழிய வேண்டும்? எங்களுக்கும் பங்கு வேண்டும்.

எதில் பங்கு? இன்னும் கால் வைக்காத நாட்டில். நம்பாத தலைமுறை அந்த நாட்டை எட்டவே முடியாது என்று அழுது மாண்டது. இந்த ஐந்து பேரும் அது கிடைத்தே தீரும் என்று எடுத்துக்கொண்டு, அதில் தங்கள் காணியைக் கேட்கிறார்கள். வாக்கை நம்பாதவர் அதில் பங்கு கேட்க மாட்டார். மோசேக்கே பதில் தெரியவில்லை, ஆண்டவரிடம் போகிறார். அவர்கள் சொல்வது சரி என்று ஆண்டவர் சொல்கிறார். அதே நூலின் முப்பத்தாறாம் அதிகாரத்தில் குலத்து ஆண்கள் வந்து, அவர்கள் சொந்தக் குலத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வாங்கிவிடுகிறார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் அவிசுவாசத்துக்கு எதிர்ப்பதம் என்ன என்று கேட்டால் அந்த நூல் இந்தப் பெண்களைத்தான் முன்னால் நிறுத்துகிறது. அவர்கள் மொழி 'வேணும்' என்ற மொழி.

இதோடு கடற்கரையின் வரலாற்றைச் சேர்த்துப் பாருங்கள். 1530களின் நடுவில் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றது மறைக்கல்வி படித்து அல்ல. முத்துக்குளிக்கும் கடலின் உரிமைக்காக நடந்த மோதலில் அவர்களுக்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு வேண்டியிருந்தது. 'எனக்கு வேணும்' என்பது அவர்கள் வாயில் உண்மையான சொல். அந்தப் பாதுகாப்புக்கு விலையும் இருந்தது. கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் போன வரியில் 4000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையைச் செபம் சொல்லிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குத் தரும்படி சவேரியார் அரசியிடம் கேட்டு வாங்கினார். அதற்காக அவரை மதிக்கிறேன். அவரும் கேட்கத் தெரிந்தவர்தான். ஆனால் கணக்கப்பிள்ளைகள் ஆண்கள். பெண்களுக்குச் சனிக்கிழமை, ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் பிரித்துக் கோவிலுக்கு வரவைத்தபோது, பெண்கள் வந்தது மனப்பாடம் செய்யவும் ஆமென் சொல்லவும்தான். 1578இல் தம்பிரான் வணக்கம் அச்சானபோது கிறிஸ்தவத் தமிழ் தாளிலும் ஏறியது. அதை வாசிக்கும் எழுத்து பெண்களுக்கு எட்ட இன்னும் பல தலைமுறை ஆயிற்று.

இன்றும் முழுக்க மாறிவிடவில்லை. 2021இல் வாசகர் பணி முறைப்படி பெண்களுக்கும் திறக்கப்பட்டது. ஆனால் திருச்சபைச் சட்டத்தின் 767ஆம் பிரிவின்படி திருப்பலி மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டும் உரியது. வார்த்தையை நாங்கள் வாசிக்கலாம். அதற்கு எது விசுவாசமான பதில், எது அவிசுவாசம் என்று சொல்லும் உரிமை இன்னொருவரிடம் இருக்கிறது.

இது என் ஊரில் புத்தகப் பிரச்சினை இல்லை. தருவைகுளத்து ஆண்கள் தங்குகடலுக்குப் போகிறவர்கள். 2023 அக்டோபரில் இந்த ஊர்ப் படகில் போன 12 மீனவர்களை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்தது. 2024 ஆகஸ்டில் இரண்டு படகுகளில் போன 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. அப்படி ஒரு செய்தி வந்தால் கடற்கரை ஊர்களில் பெண்கள் என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கையில் செபமாலை இருக்கும், ஆட்சியருக்கு எழுதிய மனுவும் இருக்கும். கோவிலில் முழங்கால் போடுகிறவளும் ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காருகிறவளும் ஒரே பெண்தான். முதலாவதை விசுவாசம் என்றும், இரண்டாவதை அவசரம், முறுமுறுப்பு, நம்பிக்கைக் குறைவு என்றும் பிரிக்கிற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். செலொபுகாதின் மகள்களை வாசித்தவர்கள் அப்படிப் பிரிக்க மாட்டார்கள்.

எங்கள் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. மாதாவிடம் அவள் பேசுவது சண்டை போடுவதுபோல இருக்கும். இப்படியா கேட்பது என்று சின்ன வயதில் கேட்டேன். "குடுப்பாருன்னு நெனக்கிறவகிட்டதான ஏட்டி கேப்போம். குடுக்காதவன் வாசல்ல எவ போயி நிப்பா?" என்றாள். எபிரேயர் திருமுகத்துக்கு நான் கேட்ட முதல் விளக்கவுரை அது என்று இப்போது தோன்றுகிறது.

சவேரியாரின் திருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 'வேணும்' மட்டும் இருந்தால் கடவுள் கேட்டதைத் தருகிற கடைக்காரராகிவிடுவார், நேர்ச்சை வியாபாரமாகிவிடும். கிடைக்காத அன்றைக்கு அந்தச் சொல் உடைந்துபோகும். கிடைக்காதபோதும் விட்டுப்போகாமல் நிற்பதற்கு ஒரு சொல் தேவை. அதைத்தான் விசுவாசம் என்கிறோம். ஆனால் 'வேணும்' என்பதை அடியோடு எடுத்துவிட்ட விசுவாசத்தில் மிஞ்சுவது சகிப்பு. அந்தச் சகிப்பை ஆண்களைவிடப் பெண்களிடமும், பெண்களிலும் ஏழைகளிடமும் தலித்துகளிடமும் அதிகமாக எதிர்பார்க்கிறார்கள். பாமா கன்னியர் மடத்தில் ஏழு ஆண்டு இருந்து வெளியே வந்து 1992இல் 'கருக்கு' எழுதினார். பணிவையும் பொறுமையையும் சொல்லித்தருகிறவர்கள் நீதியின் கடவுளை ஏன் சொல்லித்தருவதில்லை என்பது அந்த நூலின் ஆழமான கேள்விகளில் ஒன்று. அவர் மடத்தைவிட்டு வந்ததை அவிசுவாசம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேட்ட வார்த்தையை உண்மையென்று எடுத்துக்கொண்டதால்தான், அது நடக்காத இடத்தில் அவரால் இருக்க முடியவில்லை என்று வாசிக்கிறேன்.

சொற்கள் மறுபடியும் மாறியிருக்கின்றன. 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'விசுவாசம்' போய் 'நம்பிக்கை' வந்தது. எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது. கடவுளுக்கென்று தனியாக எடுத்துவைத்த சொல் இல்லை இது. ஆளை நம்புகிறோம், சொல்லை நம்புகிறோம், மகள் சொல்வதை நம்புகிறோம் அல்லது நம்பாமல் விடுகிறோம். கடவுளை நம்புவதற்கும் பெண் சொல்வதை நம்புவதற்கும் ஒரே வினைச்சொல் என்றால், முதலாவதைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாவதை மறுப்பது கொஞ்சம் கடினமாக வேண்டும்.

அந்த அக்காவை நான் மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டியது இதுதான்: அக்கா, மாதாவும் கேட்டாங்க. நீங்க கேட்டதுல குறை இல்ல. அந்த வீட்டுல அடி வாங்கிக்கிட்டு இருக்கணும்னு எந்த வசனமும் உங்களுக்குச் சொல்லல.

இதை வாசிக்கும் மாணவிகளிடம் ஒரு சின்னக் காரியம் கேட்கிறேன். வரும் டிசம்பர் 19 அன்று, அல்லது அந்த வாரத்து அன்பியக் கூட்டத்தில், விவிலியத்தைத் திறந்து நீதித் தலைவர்கள் பதின்மூன்றாம் அதிகாரத்தின் எட்டிலிருந்து இருபத்து மூன்றுவரை உள்ள 16 வசனங்களையும் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும், கூட்டத்தில் இருக்கும் வயதான பெண்களிடம் அந்த வயலில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள்.